கிழக்குக் கரையில் வாடகை அறைகளைப் படம் எடுக்கும் தொழில்: ஆரம்பம் முதல் அடுத்த சீசன் வரை முழுமையான வழிகாட்டி

நான் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்பை ஒட்டிய கல்லடியில் இருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாகக் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுத்துத்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. விருந்தினர் அறைகளைப் படம் எடுக்கும் வேலை தானாகத் தேடி வந்தது. பாசிக்குடாவில் இரண்டு அறை வாடகைக்கு விடும் ஒரு அக்கா, மகளின் சாமத்திய வீட்டு அல்பத்தை வாங்க வந்த இடத்தில், "தம்பி, எங்கட ரூமையும் வந்து எடுத்துத் தாங்களன். ஒருத்தரும் புக் பண்றாங்க இல்ல" என்றார். போய் எடுத்துக் கொடுத்தேன். இன்று என் வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த வேலையிலிருந்து வருகிறது.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கமரா வைத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே கல்யாண முகூர்த்தத்துக்கு அடிபடுகிறார்கள். மறுபக்கம், பாசிக்குடாவிலிருந்து அறுகம்பே வரை நல்ல அறைகள் மோசமான போன் படங்களோடு இணையத்தில் கிடக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் படத்தை யாரும் நிஜத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. மணப்பெண்ணின் முகத்தை இரண்டு மடங்கு பளிச்சென்று ஆக்கினாலும் எல்லோருக்கும் சந்தோஷம். அறைப் படம் அப்படி இல்லை. அதைப் பார்த்துக் காசு கட்டிய மனிதர் ஒரு நாள் பையோடு வந்து அதே கதவைத் திறப்பார். படத்தில் இருந்தது அங்கே இருக்க வேண்டும். கீழே எழுதியிருக்கும் ஒவ்வொரு படியிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

படி 1: விருந்தாளியாக இருந்து தேடிப் பாருங்கள்

கமரா வாங்கும் முன் ஒரு வார இறுதியை இதற்கு ஒதுக்குங்கள். இணையத்தில் அறை பதிவு செய்யும் தளங்களான எயார்பிஎன்பியையும் புக்கிங் டொட் கொம்மையும் திறந்து, உண்மையாகவே அறை தேடுபவர் போலத் தேடுங்கள்: பாசிக்குடா, கல்குடா, மட்டக்களப்பு நகரம், கல்லடி, பொத்துவில், அறுகம்பே. முதல் படத்தைப் பார்த்ததும் விரல் எங்கே நிற்கிறது, எங்கே தாண்டிப் போகிறது என்று கவனியுங்கள். இருண்ட அறை, சரிந்து விழுவது போன்ற சுவர், அலுமாரிக் கண்ணாடியில் போனைப் பிடித்தபடி நிற்கும் வீட்டுக்காரர், இரவில் பிளாஷ் அடித்து எடுத்த முற்றம் எல்லாம் கண்ணில் படும்.

ஒரு கொப்பியில் மூன்று விஷயம் குறியுங்கள்: இடம், படத்தில் உள்ள குறை, விருந்தாளிகள் எழுதிய கருத்து. கருத்து நன்றாகவும் படம் மோசமாகவும் இருக்கும் வீடுதான் உங்கள் முதல் வாடிக்கையாளர். அங்கே தங்கியவர்கள் மெச்சுகிறார்கள், தங்காதவர்களுக்கு அது தெரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் உங்களுக்குக் காசு. கருத்தே மோசமாக இருக்கும் வீட்டை விட்டுவிடுங்கள். அங்கே நல்ல படம் போட்டால் ஏமாற்றம்தான் கூடும், பழி உங்கள் மேல் வரும்.

படத்தால் என்ன மாறும் என்று வீட்டுக்காரர் கேட்டால், எயார்பிஎன்பியின் கதையையே சொல்லலாம். 2009 இல் அந்தக் கம்பனி தள்ளாடிக்கொண்டிருந்தபோது, அதைத் தொடங்கிய ஜோ கெபியாவும் பிரையன் செஸ்கியும் நியூயோர்க்கில் வீடு வீடாகப் போய், நல்ல கமராவில் தாங்களே படம் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்த நகரத்திலிருந்து வந்த வருமானம் இரண்டு மடங்கானது. இன்று நாம் பொத்துவிலில் செய்யப்போவதும் அதே வேலைதான்.

எங்கள் பக்கத்தில் அறை விடும் வீட்டுக்காரர்கள் மூன்று விதம். பாசிக்குடா, கல்குடாப் பக்கம் குடும்பமாக நடத்தும் சிறிய விருந்தினர் விடுதிகள். அறுகம்பேயில், உல்லைக் கிராமத்தைச் சுற்றி, அலைச்சறுக்க வருபவர்களை நம்பிய கபானா என்ற சிறு குடில்களும் அறைகளும். மூன்றாவது, மட்டக்களப்பு நகரத்திலும் கல்லடியிலும் இருக்கும் முழு வீடுகள். இவற்றில் பலவற்றின் சொந்தக்காரர் லண்டனிலோ டொரன்டோவிலோ இருப்பார். சாவி இங்கே மாமியிடமோ மச்சானிடமோ இருக்கும். கதவைத் திறப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர், காசு அனுப்புபவரும் அவர்தான். அதனால் விலை, திகதி, எத்தனை படம் என்பதை வெளிநாட்டில் இருப்பவரோடு வாட்ஸ்அப்பில் எழுத்தில் பேசி முடித்துவிட்டே அந்த வீட்டுப் படியில் ஏறுங்கள். நான் ஒரு முறை மாமியின் வாய்ச்சொல்லை நம்பி எடுத்து, இரண்டு மாதம் காசுக்கு அலைந்தேன். மாமியில் பிழையில்லை. கேட்க வேண்டியவரிடம் நான்தான் கேட்கவில்லை.

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்திருக்கும் ஹோம்ஸ்டேக்களை முதலில் அணுகுவது என் பழக்கம். எழுத்து வேலைக்கே மினக்கெட்டவர்கள் படத்துக்கும் மினக்கெடுவார்கள்.

படி 2: சூரியனைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

யூடியூப்பில் அறைப் படம் சொல்லித்தரும் பலர் கடற்கரை வீடு என்றால் மாலைப் பொன் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். சூரியன் கடலில் விழும் ஊருக்கு அது சரி. எங்களுக்குச் சூரியன் கடலில் எழுகிறது. மாலை ஆறு மணிக்குப் பாசிக்குடாக் கடலைப் படம் பிடித்தால் சாம்பல் நிறத் தகடு போல வரும். காலை ஏழு மணிக்குப் பல்கனியில் நின்று கடலை எடுத்தால் சூரியன் லென்ஸுக்குள் குத்தும். கடல் வெள்ளையாகும், பல்கனி கரியாகும்.

நான் பின்பற்றும் விதி இதுதான்: காலையில் கடலுக்கு முதுகு காட்டி வீட்டை எடுங்கள், பின்னேரம் வீட்டுக்கு முதுகு காட்டிக் கடலை எடுங்கள். காலை ஏழு முதல் ஒன்பது வரை கடலைப் பார்த்த வீட்டு முகப்பில் வெயில் நேராக விழும். சுவரின் நிறம், ஓட்டின் சிவப்பு, முற்றத்துத் தென்னை எல்லாம் எழும்பி நிற்கும். பகல் இரண்டு மணிக்குப் பிறகு சூரியன் உங்கள் பின்னால் வந்துவிடும். அப்போதுதான் கடல் தன் நிறத்தைக் காட்டும். பாசிக்குடாவில் தண்ணீர் வெகுதூரம் வரை இடுப்பளவுதான். அந்தப் பச்சை, அடியில் கிடக்கும் மணலில் வெயில் பட்டுத் திரும்பி வருவது. சூரியன் உயர இருந்தால்தான் அது தெரியும்.

மாலை வெளிச்சம் வேண்டுமென்றால் வாவிக்குப் போங்கள். கல்லடி ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் ஒடுங்கிய நிலம். வாவிக் கரை வீடுகளுக்கு மாலைதான் அழகு. தோணியும் வீச்சுவலைக்காரரும் வந்து போகும் நேரமும் அதுதான். அறுகம்பேயிலும் களப்பின் மேல் சூரியன் விழுவதைப் பாலத்திலிருந்து பார்க்கலாம்.

அறைக்குள்ளும் இந்தக் கணக்கு உண்டு. நாம் பூமத்திய ரேகைக்கு ஏழு, எட்டுப் பாகை வடக்கே இருக்கிறோம். ஜூனில் நடுப்பகல் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து நிற்கும், டிசம்பரில் தெற்கே. வடக்கு யன்னல் உள்ள அறை மார்ச்சில் மெதுவான, சீரான வெளிச்சத்தோடு இருக்கும். அதே அறையில் ஜூனில் வெயில் துண்டு துண்டாகக் கட்டிலில் விழும். வீட்டைப் பார்க்க முதல் முறை போகும்போதே போனில் திசைகாட்டியைத் திறந்து, ஒவ்வொரு யன்னலும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த அறையை எந்த மணிக்கு எடுப்பது என்ற அட்டவணை அதிலிருந்தே கிடைத்துவிடும்.

சூரியன் மறைந்து பதினைந்து, இருபது நிமிடம் வானம் நீலமாக நிற்கும். வீட்டு லைட் எல்லாவற்றையும் போட்டு முகப்பை எடுத்தால் முதல் படமாகப் போட ஒன்று கிடைக்கும். எங்கள் ஊரில் இருள் சட்டென்று இறங்கும். ட்ரைபொட்டை முன்கூட்டியே நிறுத்தி, பிரேமைச் சரிபார்த்துவிட்டுக் காத்திருங்கள்.

படி 3: சாமான்

கல்யாணத்துக்கு வைத்திருக்கும் கமரா காணும். புதிதாக வேண்டியது அகல லென்ஸ். முழு பிரேம் கமராவுக்கு 16 முதல் 35 மில்லிமீற்றர் லென்ஸ், சிறிய சென்சர் கமராவுக்கு 10 முதல் 18. ஆனால் அதன் அடி நுனிக்குப் போகாதீர்கள். முழு பிரேம் கணக்கில் 18க்கும் 24க்கும் இடையில் நின்றால் அறை அறையாகத் தெரியும். அதற்கும் கீழே போனால் கட்டில் கப்பலாகும், குளியலறை மண்டபமாகும். விருந்தாளி வந்து பார்த்தால் முகம் சுருங்கும்.

ஆடாத ட்ரைபொட், நீர்மட்டம், ஒரு பிளாஷ், வெள்ளைக் குடை, போலரைசர் பில்டர். போலரைசர் கடலின் மேல் மினுக்கத்தையும், மெழுகிட்ட சிவப்புச் சீமெந்துத் தரையில் யன்னல் விழுத்தும் வெள்ளைப் பட்டையையும் குறைக்கும். அகல லென்ஸில் வானத்தோடு சேர்த்துப் போட்டால் வானம் ஒரு பக்கம் கடும் நீலம், மறுபக்கம் வெளிறல் என்று வரும், அதனால் பார்த்துத் திருப்புங்கள். கூடவே கையடக்க நீராவி அயன் ஒன்று வாங்குங்கள். என் பையில் லென்ஸுக்கு அடுத்தபடி சம்பாதித்துத் தந்த சாமான் அதுதான்.

உப்புக் காற்றை மறக்க வேண்டாம். கடற்கரையில் நின்ற நாளில் வீட்டுக்கு வந்ததும் கமராவையும் ட்ரைபொட் கால்களையும் ஈரத் துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

படி 4: மாதிரிக்கு இரண்டு வீடு

காட்டுவதற்குப் படம் இல்லாமல் யாரும் வேலை தர மாட்டார்கள். சொந்தக்காரர் வீடு ஒன்று, தெரிந்தவரின் விடுதி ஒன்று என்று இரண்டை மட்டும் இலவசமாகச் செய்யுங்கள். மூன்றாவது வீட்டிலிருந்து காசு. இலவசம் என்ற பெயர் ஊரில் பரவிவிட்டால் திரும்பப் பெறுவது கஷ்டம்.

பிறகு கொப்பியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எங்கள் பக்கம் மின்னஞ்சலை நம்பி ஒன்றும் நடக்காது. பகல் பத்து மணிக்கும் பதினொன்றுக்கும் இடையில், விருந்தாளிகள் போன பிறகு போங்கள். "அக்கா, உங்கட இடத்தைப் பற்றி எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்க, படத்தில மட்டும் அது தெரியல்ல" என்று தொடங்கினால் கதிரை போட்டு இருத்துவார்கள். வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, பொத்துவில் என்று போகப் போக மனிதர்களும் மாறுவார்கள். அண்ணன் என்பதா, முஸ்லிம் ஊர்களில் சொல்வது போல "நானா" என்பதா என்று தெரிந்து கூப்பிடுங்கள். அறுகம்பேயில் சிங்களமும் ஆங்கிலமும் கொஞ்சமாவது பேச வேண்டியிருக்கும்.

படி 5: ஒரு கிழமைக்கு முன் வீட்டுக்காரருக்கு அனுப்பும் செய்தி

படப்பிடிப்பு நாளில் பாதி நேரம் சாமான் ஒதுக்குவதில் போய்விடும். அதைக் குறைக்க, வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக இவற்றைச் சொல்லிவிடுகிறேன்: எரியாத பல்ப்பை மாற்றுங்கள், ஒரு அறையில் ஒரே நிற வெளிச்சம் இருக்கட்டும். வெள்ளை விரிப்பும் தலையணை உறையும் கழுவி வையுங்கள். முற்றத்தைக் கூட்டி, உடுப்புக் கொடியை அவிழ்த்து விடுங்கள். குடும்பப் படங்கள், பிள்ளைகளின் பாடசாலைச் சான்றிதழ்கள், கடிதங்கள் எல்லாவற்றையும் சுவரிலிருந்து எடுத்து விடுங்கள். இந்தப் படங்களை உலகமே பார்க்கும். சுவாமிப் படத்தை நானாகத் தொடுவதில்லை. எடுப்பதா விடுவதா என்பது அவர்கள் முடிவு.

ஏசியை நான் வருவதற்கு அரை மணி முன்பே நிறுத்தச் சொல்வேன். காரணத்தை அடுத்த படியில் சொல்கிறேன்.

படி 6: படப்பிடிப்பு நாள்

கல்லடியில் மூன்று அறை வீடு ஒன்றை எடுத்த நாளை அப்படியே சொல்கிறேன்.

காலை ஏழே காலுக்கு வெளி முகப்பு. எட்டரைக்குக் கிழக்கு யன்னல் அறையில் வெயில் தணியட்டும் என்று விட்டுவிட்டு, மேற்குப் பக்க அறைக்குள் போனேன். விரிப்பு கழுவி மடித்து வைத்தது, மடிப்புக் கோடு நான்கும் தெளிவாக நின்றது. படத்தில் அந்தக் கோடு இரண்டு மடங்கு தெரியும். விரிப்பைக் கட்டிலில் போட்டு இறுக்கி மெத்தைக்கு அடியில் செருகிய பிறகு, அதன் மேலேயே நீராவி அயனைப் பிடித்தேன். கால்மாட்டில் மருதமுனைக் கைத்தறித் துணி ஒன்றை, மூன்றாக மடித்து, குறுக்கே போட்டேன். நீலமும் வெள்ளையும் கலந்த கரை. அந்த ஒரு துணியோடு அறைக்கு ஊரின் அடையாளம் வந்துவிட்டது. இந்தத் துணியை நான் கொண்டுபோவதில்லை, வீட்டுக்காரரை வாங்கி வைக்கச் சொல்வேன். படத்தில் இருப்பது நாளைக்கும் அந்தக் கட்டிலில் இருக்க வேண்டும் அல்லவா.

அடுத்தது நுளம்பு வலை. பாதி தொங்கினால் ஆஸ்பத்திரி வார்டு போல ஆகிவிடும். ஒன்று, நான்கு மூலைக்கும் இழுத்து ஒழுங்காக விரியுங்கள். இல்லாவிட்டால் முழுதாகச் சுருட்டி மேலே முடிச்சுப் போடுங்கள். அதை மறைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். வெளியூர்க்காரருக்கு வலை இருப்பது ஆறுதல்.

மின்விசிறியை நிறுத்தி, இறக்கைகள் நிற்கும் வரை பொறுத்தேன். கமரா அறை மூலையில், நாலடி உயரத்தில், நீர்மட்டம் பார்த்து. கமராவைக் கீழே சரித்தால் சுவர்கள் சரியும், அதனால் உயரத்தைத்தான் கூட்டிக் குறைக்க வேண்டும். குசினியில் மேசைத் தட்டுக்கு மேலே வரும்படி கொஞ்சம் உயர்த்துவேன். துவாரம் எஃப் 8, ஐஎஸ்ஓ 100 முதல் 400க்குள், இரண்டு விநாடி டைமர். ஒரே இடத்தில் மூன்று படம்: சரியான வெளிச்சத்தில் ஒன்று, இரண்டு ஸ்டொப் குறைத்து ஒன்று, கூட்டி ஒன்று. யன்னலுக்கு வெளியே வாவி தெரிவது குறைத்த படத்தில் இருக்கும், கட்டிலுக்கு அடியில் இருக்கும் நிழல் கூட்டிய படத்தில் இருக்கும். பிறகு மூன்றையும் சேர்க்கலாம்.

எங்கள் ஊரில் அறைச் சுவர்கள் பச்சை, ரோஸ், வான நீலம் என்று இருக்கும். பிளாஷைச் சுவரில் அடித்துத் திருப்பினால் வெள்ளை விரிப்பும் பச்சையாகும். அதற்குத்தான் வெள்ளைக் குடை. பகலில் யன்னல் வெளிச்சம் உள்ள அறையில் லைட்டை நிறுத்திவிடுவேன், மஞ்சளும் நீலமும் கலந்து விரிப்பில் திட்டுத் திட்டாகப் படியாமல் இருக்க. யன்னல் இல்லாத குளியலறையில் மட்டும் லைட் போடுவேன். அங்கே கொமட் மூடி மூடியிருக்க வேண்டும், வாளியும் கோப்பையும் ஷாம்பு பைக்கற்றும் வெளியே போக வேண்டும், சுடுநீர்க் கருவி இருந்தால் அது படத்தில் தெரிய வேண்டும்.

நடுவில் ஒரு தவறு நடந்தது. மூன்றாவது அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அரை மணி நேரம் வேலை செய்துவிட்டுக் கமராவோடு விறாந்தைக்கு வந்தேன். கிழக்குக் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, லென்ஸ் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. துடைத்தால் மறுபடி படியும். இருபது நிமிடம் காத்திருந்தேன், அதற்குள் விறாந்தை வெளிச்சம் போய்விட்டது. ஏசியை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வது அதனால்தான். நிறுத்த முடியாவிட்டால் கமராவைப் பையில் வைத்து மூடி, வெளியே கொண்டுவந்து, பை சூடேறிய பிறகு திறங்கள்.

கடைசியாகச் சின்னப் படங்கள். ஒழுங்கை வாசலில் ஆட்டோ நிற்கும் இடம், கேற், சாவிப் பெட்டி, வாகனம் விடும் இடம், வைஃபை இருக்கும் மேசை. கொழும்பிலிருந்து வந்து இருட்டில் இறங்கும் குடும்பத்துக்கு இந்தப் படங்கள்தான் உதவும். வீட்டுக்காரர் காலைச் சாப்பாடு கொடுப்பவர் என்றால் பிட்டையும் சம்பலையும் ஆவி பறக்க எடுங்கள். கொடுக்காதவர் வீட்டில் அந்தப் படத்தை எடுக்காதீர்கள். வீட்டில் உள்ளவர்களின் முகம் படத்தில் வரலாமா என்று கேட்காமல் ஒரு கிளிக்கும் வேண்டாம்.

அறைக்குள் எங்காவது சிசிடிவி கமரா கண்ணில் பட்டால் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். 2024 முதல் எயார்பிஎன்பி வீட்டுக்குள் எந்தக் கண்காணிப்புக் கமராவையும் அனுமதிப்பதில்லை. பலருக்கு இது தெரியாது.

படி 7: திருத்தம், அதன் எல்லை

அறுகம்பேயில் ஒரு மாடி அறை. பல்கனியிலிருந்து கடல் தெரியும். ஆனால் நடுவே ஒரு மின்கம்பம், அதற்குக் கீழே பக்கத்துக் கட்டிடத்தின் தகரக் கூரை. படம் அழகாக வர வேண்டும் என்ற ஆசையில் போட்டோஷொப்பில் கம்பத்தை அழித்தேன், கூரையைத் தென்னோலையால் மறைத்தேன். வீட்டுக்கார நானாவுக்குப் படம் பிடித்திருந்தது. சீசனில் முதலில் வந்த தம்பதி அறையைச் சுத்தம் என்று புகழ்ந்துவிட்டு, படத்தில் காட்டிய காட்சி இங்கே இல்லை என்று எழுதினார்கள். அந்த வரி அங்கேயே நின்றது. அடுத்து வந்தவர்கள் அதைத்தான் முதலில் வாசித்தார்கள். நானா என்னை ஏசவில்லை. "தம்பி, படம் நல்லாத்தான் இருந்திச்சு" என்று மட்டும் சொன்னார். அந்தப் படத்தை எடுத்துவிட்டு, கம்பத்தோடு ஒன்றைக் காசில்லாமல் எடுத்துக் கொடுத்தேன். கொஞ்சம் பக்கமாக நின்று, கதிரையில் உட்கார்ந்தால் தெரியும் கோணத்தில் எடுத்தபோது கம்பம் ஓரத்துக்குப் போனது, கடல் நடுவுக்கு வந்தது. முதல் நாளே அதைச் செய்திருக்கலாம்.

அன்றிலிருந்து என் எல்லை தெளிவு. நாளைக்கு அங்கே இருக்காததை அழிக்கலாம்: காய்ந்த இலை, முற்றத்தில் சுருட்டாமல் கிடக்கும் தண்ணீர்க் குழாய், மழைக் குட்டை. நாளைக்கும் இருப்பதை அழிக்கக் கூடாது: கம்பம், தண்ணீர்த் தாங்கி, பக்கத்து மதில், சுவர் வெடிப்பு. மேகமூட்ட வானத்தை நீலமாக்குவதைச் சிலர் செய்கிறார்கள். நான் இன்னொரு நாள் போய் எடுக்கிறேன். சிறிய அறை என்றால் கதவடியில் நின்று கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள வழி தெரியும்படி ஒன்று கட்டாயம் எடுப்பேன்.

மற்றபடி லைட்ரூம் மென்பொருளில் செய்வது கொஞ்சம்தான்: சுவர்களை நிமிர்த்துவது, விரிப்பை வெள்ளையாக்குவது, மூன்று படத்தைச் சேர்ப்பது. சேர்த்த பிறகு படம் பொம்மைப் படம் போலப் பளபளத்தால் கையைக் குறையுங்கள்.

படி 8: ஒப்படைப்பது

இரண்டு அறை வீட்டுக்கு இருபது, இருபத்தைந்து படம் காணும். கிடையாக, மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் கொடுங்கள். எயார்பிஎன்பி கேட்கும் குறைந்த அளவு 1024க்கு 683 பிக்சல். நான் நீளப் பக்கம் 3000 பிக்சல் வைத்துக் கொடுக்கிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், அதனால் ஆவணமாக அனுப்புங்கள், அல்லது கூகுள் ட்ரைவ் இணைப்புக் கொடுங்கள்.

வரிசை முக்கியம். கணினியில் பார்ப்பவருக்கு எயார்பிஎன்பி பக்கத்தின் மேலே முதல் ஐந்து படங்கள்தான் சேர்ந்து தெரியும். அந்த ஐந்தில் முகப்பு அல்லது காட்சி ஒன்று, சிறந்த படுக்கையறை, குளியலறை, இருந்து பேசும் இடம், கடல் அல்லது வாவியோடு உள்ள தொடர்பு என்று வைக்கிறேன். ஐந்தும் கடலாக இருந்தால் அறையை மறைக்கிறார்கள் என்று நினைப்பார்கள். கோப்புகளுக்கு 01, 02 என்று பெயரிட்டுக் கொடுங்கள். பல வீட்டுக்காரர்களுக்குப் பதிவேற்றத் தெரியாது, பக்கத்தில் இருந்து ஏற்றிக் கொடுங்கள். அரை மணி நேர வேலை, அதனால் கிடைக்கும் அடுத்த வீடு நிச்சயம்.

படி 9: விலையும் எழுத்தும்

படத்துக்கு இவ்வளவு என்று பேசாதீர்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். வீட்டுக்காரரின் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஒரு இரவு 10,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், சீசன் முழுதும் மூன்று இரவு கூடுதலாக நிரம்பினால் 30,000. உங்கள் கட்டணம் அந்த மூன்று இரவுக்குள் அடங்கினால் அவருக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. விலை குறைக்கச் சொன்னால் படங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள், விலையை அப்படியே விடுங்கள்.

பயணச் செலவு தனி. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்கு மேல். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் போய் வருவதே ஒரு நாள். ஒரு வீட்டுக்காக அங்கே போக வேண்டாம். மூன்று வீட்டைச் சேர்த்து இரண்டு நாளாகப் போங்கள். ஒரு வீட்டில் இரவு தங்குவதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். தங்கினால்தான் விடியற்காலையில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று தெரியும்.

பாதி முற்பணம், மீதி ஒப்படைக்கும் முன். ஒரு பக்கத் தாளில் திகதி, படங்களின் எண்ணிக்கை, எத்தனை நாளில் தருவது, மழை வந்தால் என்ன செய்வது, படத்தை எங்கே எல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படங்களையும் பாதுகாக்கிறது. ஆனாலும் வீட்டுக்காரர் எந்தத் தளத்திலும் தன் வீட்டுக்காகப் பயன்படுத்தலாம், நான் மாதிரியாகக் காட்டலாம், மூன்றாவது ஆளுக்குக் கொடுப்பதில்லை என்று தெளிவாக எழுதினால் பிறகு மனக்கசப்பு வராது.

உங்கள் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்து, அந்தப் பெயரிலேயே வங்கிக் கணக்குத் திறவுங்கள். பெரிய விடுதிகள் பதிவில்லாதவருக்குக் காசோலை எழுத யோசிக்கும்.

ட்ரோன் பற்றிச் சுருக்கமாக: சிவில் விமான சேவைகள் அதிகாரசபையில் பதிவு வேண்டும், பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். மட்டக்களப்பு நகரத்துக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது. இராணுவ முகாம்களுக்கு அருகிலும் குமண வனப் பூங்காப் பக்கமும் எழுப்பிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். அனுமதி இல்லாத காலத்தில் நான் ட்ரோன் படம் தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

படி 10: வருடத்தைப் பிரித்துக்கொள்வது

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை உங்கள் அறுவடை. அறுகம்பேயின் அலைக் காலம் ஏப்ரல், மே அளவில் தொடங்கி ஒக்டோபர் வரை போகும், பாசிக்குடாவுக்கும் நல்ல கடல் அந்த மாதங்களில்தான். வீட்டுக்காரர்கள் வர்ணம் பூசி, மெத்தை மாற்றி முடிக்கும் நேரத்தில் நீங்கள் வாசலில் நிற்க வேண்டும்.

ஜூலை, ஓகஸ்டில் அறைகள் நிரம்பியிருக்கும். புலம்பெயர்ந்த உறவுகளும் அப்போதுதான் வருகிறார்கள். அந்த மாதங்களில் எடுப்பதென்றால் ஒருவர் பதினொரு மணிக்கு அறையை விட்டுப் போய், மற்றவர் இரண்டு மணிக்கு வரும் இடைவெளிதான் கிடைக்கும். அதில் ஒரு மணி நேரம் துப்புரவுக்குப் போய்விடும். ஒரு நாளில் இரண்டு அறைக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நவம்பர் முதல் ஜனவரி வரை மழை. கல்யாண வேலைக்குத் திரும்புங்கள், பழைய படங்களை ஒழுங்குபடுத்துங்கள். ஜனவரிக் கடைசியில் பழைய வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு செய்தி அனுப்புங்கள்: சுவர் நிறம் மாறியதா, புதுக் கட்டில் வந்ததா, ஏசி பூட்டினீர்களா? ஏதாவது மாறியிருந்தால் பழைய படம் இப்போது பொய் சொல்கிறது. அந்த ஒன்றிரண்டு படத்தை மட்டும் குறைந்த விலையில் மாற்றிக் கொடுங்கள். என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வருடா வருடம் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

அந்தப் பாசிக்குடா அக்கா இப்போது மூன்றாவது அறை கட்டியிருக்கிறார். யன்னல் வடக்குப் பக்கம். ஜூனுக்கு விடாமல் மார்ச்சிலேயே, காலை பத்து மணிக்கு எடுப்பதாகப் பேசியிருக்கிறோம். அதற்குள் பெயின்ட் வாசம் போய், மருதமுனைத் துணியும் வந்து சேர வேண்டும்.